காலியாகும் தோட்டா அலமாரிகள்

அமெரிக்கக் கிராமங்களில் ஒரு பிள்ளை முதன்முதலாகச் சுடப் பழகுவது பெரும்பாலும் .22 ரைஃபிளில்தான். தோளை உதைக்காது, காதைப் பிளக்காது, எல்லாவற்றையும்விடத் தோட்டா மலிவு. 1887 முதல் ஏறத்தாழ அதே அளவில் வந்துகொண்டிருக்கும் அந்தச் சின்னத் தோட்டாவை 500 கொண்ட பெட்டியாக விற்பார்கள். ‘பிரிக்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பார். 2012 வரை ஒரு பிரிக் 20 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. தோட்டா ஒன்று நான்கு சென்ட். தகப்பனும் பிள்ளையும் சனிக்கிழமை காலை முழுக்கத் தகர டப்பாக்களைச் சுட்டு உருட்டிவிட்டு வந்தாலும், குடும்பத்தோடு சினிமாவுக்குப் போய்வரும் செலவு ஆகாது.

2013-ல் அந்த பிரிக் காணாமல் போனது. விலை ஏறியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பெரிய கடைகளில் விலைச்சீட்டு பழையபடியே தொங்கியது, சரக்குதான் இல்லை. லாரி எந்த நாளில் வரும் என்று ஊழியர்களிடம் விசாரித்து வைத்துக்கொண்டு, கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்றவர்களில் பணி ஓய்வு பெற்றவர்களே அதிகம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் ஏது? ஆளுக்கு மூன்று பெட்டிதான் என்று கடைகள் ரேஷன் போட்டன. அப்படியும் வந்த சரக்கு அன்றைக்கே தீர்ந்தது. தீர்ந்த பெட்டிகளில் பல, வார இறுதியில் துப்பாக்கிச் சந்தைகளின் மேசைகளில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு மறுபடி தலைகாட்டின. இந்தப் பஞ்சம் ஏதோ ஒரு கோடையோடு போகவில்லை; .22 பழையபடி அலமாரியில் தங்குவதற்கு ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்கத் துப்பாக்கி என்றால் நம் செய்தித்தாளில் படுகொலைச் செய்தியாக மட்டுமே வரும். அதில் தவறில்லை, அங்கே நடப்பது அப்படி. ஆனால் காகித இலக்கையும், இரும்புத் தட்டையும், பறக்கும் களிமண் வில்லையையும் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் அங்கே கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நம் ஊரில் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடக் கிளம்புவது போல சுடுதளத்துக்கு, அவர்கள் சொல்லில் ரேஞ்சுக்கு, கிளம்புகிறவர்கள். அவர்களுடைய காலி அலமாரிக்கும் அந்தப் படுகொலைச் செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

வராத சட்டத்துக்கு வந்த கூட்டம்

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று அதிபர் ஒபாமா இறங்கினார். மசோதா 2013 ஏப்ரலில் செனட்டில் தோற்றது. கூட்டாட்சி அளவில் எந்தப் புதிய தடையும் வரவில்லை. ஆனால் சட்டம் வந்துவிடும் என்ற பயம் அதற்கு முன்பே கடைகளைத் துடைத்து எடுத்துவிட்டது.

இதில் விசித்திரம், பேச்சு அடிபட்டதெல்லாம் ராணுவ பாணி ரைஃபிள்களையும் நிறையத் தோட்டா அடைக்கும் மேகசின்களையும் பற்றி. டப்பா சுடும் .22-ஐத் தடைசெய்ய வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. இருந்தும் அதுதான் அதிக காலம் கிடைக்காமல் போனது. புயல் எச்சரிக்கை வந்த மாலையில் சென்னையில் பால் பாக்கெட்டுக்கு என்ன ஆகுமோ அதுவேதான். வழக்கமாக ஒரு பெட்டி வாங்குகிறவர் ஐந்து கேட்கிறார். அடுத்தவர் ஐந்து வாங்குவதைப் பார்த்தவர் பத்து கேட்கிறார். சுடுவதில்லை, வாங்கிவைக்கிறார். நாட்டில் தோட்டா குறையவில்லை, கடையிலிருந்து வீட்டு நிலவறைக்கு இடம் மாறியது.

வதந்திகளுக்கும் பஞ்சமில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே தோட்டாக்களை மொத்தமாக வாங்கிக் குவித்துக் குடிமக்களுக்குக் கிடைக்காமல் செய்கிறது என்பது அதில் பெரிய வதந்தி. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2014 ஜனவரியில் கணக்கை வெளியிட்டது: அந்தத் துறையின் 2013 கொள்முதல் முந்தைய ஆண்டுகளின் சராசரியைவிடக் குறைவு. நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தவர்களை எந்தத் தணிக்கையும் அசைக்காது என்பது வேறு விஷயம். அதே காலத்தில் மிசௌரியின் ஹெர்குலேனியத்தில் இருந்த, தாதுவிலிருந்து ஈயம் எடுக்கும் நாட்டின் கடைசி உருக்காலை 2013 டிசம்பரில் மூடப்பட்டது. உடனே அதன் மேலும் பழி விழுந்தது. பழைய கார் பேட்டரிகளை உருக்கி எடுக்கும் ஈயமே அமெரிக்காவில் பெருமளவில் புழங்குகிறது என்பதைப் பலர் யோசிக்கவில்லை.

தேவை இருக்கிறதென்றால் ஆலையைப் பெரிதாக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். .22 தோட்டாவைச் செய்கிற முறையே அதற்கு ஒரு தடை. மற்றத் தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே ப்ரைமர் என்ற சிறு கிண்ணம் இருக்கும். .22-ல் அது கிடையாது. வெடிக்கலவையை ஈரப் பசையாக உள்ளே இட்டு, தோட்டாவைச் சுழற்றி, அடி விளிம்பின் மடிப்புக்குள் தள்ள வேண்டும். அதற்கென்றே தனி இயந்திரங்கள் வேண்டும். 9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டா செய்யும் வரிசையை நாளைக்கே .22-க்கு மாற்ற முடியாது. புது வரிசை போடப் பெரும் முதலீடும் நீண்ட காலமும் வேண்டும். போட்டு முடிப்பதற்குள் பயம் தணிந்துவிட்டால்?

அது நடந்தும் காட்டியது. 2016 தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் ஜெயிப்பார், மறுபடி கூட்டம் அலைமோதும் என்று துப்பாக்கித் தொழில் மொத்தமும் சரக்கைச் செய்து குவித்துக் காத்திருந்தது. ஜெயித்தவர் டிரம்ப். பயப்பட ஒன்றுமில்லை என்றானதும் விற்பனை படுத்தது. இருநூறு ஆண்டுப் பழமையான துப்பாக்கி நிறுவனம் ரெமிங்டன் 2018 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. மீண்டு வந்து, 2020 ஜூலையில் இரண்டாம் முறையும் கொடுத்தது. துப்பாக்கிக்கு எதிரானவர் பதவிக்கு வந்தால் கொழிக்கவும், ஆதரவானவர் வந்தால் இளைக்கவும் செய்யும் இந்தத் தொழில், பயத்தை நம்பிப் புது ஆலை கட்டத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

84 லட்சம் புதியவர்கள்

ரெமிங்டன் இரண்டாம் முறை விழுந்த நேரம்தான் வேடிக்கை. 2020-ல் கரோனா, ஊரடங்கு, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய கொந்தளிப்பு, அதிபர் தேர்தல் எல்லாம் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. துப்பாக்கி வாங்கும்போது செய்யப்படும் எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைகள் 2019-ல் 2.84 கோடி, 2020-ல் 3.97 கோடி. முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்று அந்தத் தொழிலின் சங்கம் மதிப்பிட்டது. ஆளுக்கு 50 தோட்டா கொண்ட இரண்டு பெட்டி வாங்கினால் போதும், 84 கோடித் தோட்டா ஆகிவிடுகிறது. அதில் பாதிப் பேர் அவற்றைச் சுட்டிருக்கவே மாட்டார்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும். ஆனால் அலமாரியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

அந்த நேரத்தில், நாட்டின் பெரிய தோட்டா ஆலைகளில் ஒன்றான ஆர்கன்சாவின் லோனோக் ஆலை, ரெமிங்டன் திவாலில் சிக்கிக் கிடந்தது. ஃபெடரல், சி.சி.ஐ. ஆகிய தோட்டா நிறுவனங்களை ஏற்கெனவே வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் நிறுவனம் 8.14 கோடி டாலருக்கு அதை வாங்கி மறுபடி ஓடவிட்டது. இருந்தும் தீரவில்லை. 100 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் பாக்கி நிற்கிறது என்றார் ஃபெடரலின் தலைவர் ஜேசன் வாண்டர்பிரிங்க். ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன, எங்கும் பதுக்கவில்லை, தயவுசெய்து ஊழியர்களைத் திட்டாதீர்கள் என்கிற பொருளில் அவர் காணொளியே வெளியிட வேண்டியிருந்தது.

கரோனாவுக்கு முன் 20 சென்ட்டுக்கும் கீழே கிடைத்த 9 எம்.எம். தோட்டா, 2021 தொடக்கத்தில் 70 சென்ட்டைத் தாண்டியது. வாரம் 100 தோட்டா சுடுகிறவருக்கு மாதம் 80 டாலராக இருந்த செலவு 280 ஆனது. இதற்கு மேல், ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைக்கப்பட்டதற்கான தண்டனையாக, 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கிடையாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. டூலா, வுல்ஃப், பர்னால் என்று இரும்பு உறை போட்ட மலிவுத் தோட்டாக்களை நம்பியிருந்த எளிய சுடுநருக்கு அந்த வாசலும் அடைபட்டது. மாஸ்கோவுக்குக் கொடுத்த தண்டனையில் ஓஹாயோவில் இருப்பவர் சட்டைப்பை கிழிந்தது.

காலித் துப்பாக்கியோடு மாலை நேரம்

அப்படியானால் சுடுவதை விட்டுவிட்டார்களா? சிலர் விட்டார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

அனுபவப்பட்டவர்கள் முதலில் நம்பியது மறுநிரப்பலை. சுட்டபின் வெளியே விழும் பித்தளை உறையைப் பொறுக்கி, சுத்தம் செய்து, பிரஸ் என்ற நெம்புகோல் கருவியில் வைத்துப் பழைய அளவுக்கு அமுக்கி, புது ப்ரைமர், வெடிமருந்து, ஈயக் குண்டு மூன்றையும் சேர்த்தால் தோட்டா தயார். பித்தளை உறைதான் தோட்டாவில் விலை அதிகமான பாகம், அதையே பல முறை பயன்படுத்தலாம். குண்டைக்கூடப் பழைய ஈயத்தை உருக்கி வார்ப்பவர்கள் உண்டு. ரேஞ்சில் சுட்டு முடித்ததும் குனிந்து குனிந்து தரையில் பொறுக்குகிறவர்கள் எல்லாம் இந்தக் கூட்டம். (.22-க்கு இது செல்லாது. சுடும்போது அதன் விளிம்பே நசுங்கிவிடும்.)

ஆனால் 2020-21ல் மறுநிரப்பலும் காலை வாரியது, காரணம் ப்ரைமர். பட்டாணியைவிடச் சிறிய அந்தக் கிண்ணத்தை வீட்டில் செய்ய முடியாது. பாதுகாப்பாகச் செய்யவே முடியாது. அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் செய்யும் பெயர்கள் நான்கு: சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். முதல் மூன்றும் அப்போது ஒரே நிறுவனத்தின் கையில். முழுத் தோட்டாவுக்கே ஆர்டர் வரிசைகட்டி நிற்கும்போது, தன் ஆலைக்குத் தேவையான ப்ரைமரைத் தனியாக எடுத்துச் சில்லறையில் விற்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆயிரம் 30 டாலர் சுமாருக்கு விற்ற ப்ரைமர், ஆளுக்கு ஆள் கைமாறும்போது 100 டாலரைத் தாண்டிப் போனது. நிலவறையில் பிரஸ்ஸும் இருந்தது, உறைகளும் வாளி வாளியாக இருந்தன. இடுவதற்கு ப்ரைமர் இல்லை.

மிச்சமிருந்த வழி காசில்லாதது. தோட்டா இல்லாமல் குறிபார்த்து விசையை இழுக்கும் பயிற்சியை டிரை ஃபயர் என்பார்கள். ஒலிம்பிக் வீரர்களின் பயிற்சியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஆட்களில் ஏர் ரைஃபிள் சுடுகிறவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். சுடும்போது வெடியும் உதையும் விரலின் பிழையை மூடி மறைத்துவிடும். காலித் துப்பாக்கியில் மறைக்க ஒன்றுமில்லை. விசை விடுபடும் கணத்தில் குறிமுனை துள்ளினால் கண்ணெதிரே தெரியும். ஆசிரியர்கள் சொல்லும் முதல் விதி, அந்த அறைக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. இரண்டாவது, பழைய .22 துப்பாக்கிகளில் இதை அப்படியே செய்யக் கூடாது. ஊசி நேராகக் குழல் விளிம்பில் மோதிக் கெடுத்துவிடும், பிளாஸ்டிக் போலித் தோட்டா போட்டுக்கொள்ள வேண்டும்.

போட்டி நடத்தும் கிளப்புகளும் இறங்கிவந்தன. ஓடி ஓடிச் சுடும் போட்டிகளில் ஒரு நாளில் 150, 200 தோட்டா தீர்ப்பது சாதாரணம். பல இடங்களில் சுற்றுகளைக் குறைத்தார்கள், .22-க்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். வாய்கிழிய வீரம் பேசுகிறவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் நினைப்பதில் இப்படியும் ஒரு சிக்கனப் பண்பாடு இருக்கிறது. என் கணக்கில் அந்த இரண்டு ஆண்டுகளில் உருப்படியாகச் சுடக் கற்றவர்கள் தோட்டா குறைவாக வைத்திருந்தவர்களே. ஐம்பது தோட்டாவோடு ரேஞ்சுக்குப் போகிறவருக்கு ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று தெரியும்.

இந்த முறை வேறு கதை

2022-க்குப் பிறகு கூட்டம் கலைந்தது. 9 எம்.எம். மறுபடி 20 சென்ட்டைச் சுற்றி இறங்கியது. எப்போதும்போலப் பயம் போனது, விலையும் போனது என்று கதையை முடித்திருக்கலாம். முடிக்க விடாதது உக்ரைன் போர்.

தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா வெடிமருந்தின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அதன் மூலப்பொருள், கோவை, திருப்பூர்ப் பக்கத்தவருக்குப் பழக்கமான பருத்தி. பஞ்சு பிரித்தபின் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை நார். ஐரோப்பா இதைச் சீனாவிலிருந்தே பெரும்பாலும் வாங்குகிறது. 155 மில்லிமீட்டர் பீரங்கியின் ஏவுமருந்துக்கும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் வேண்டும். போருக்கு முன் மாதம் 14,000 பீரங்கிக் குண்டு செய்த அமெரிக்கா, அதை ஒரு லட்சமாக்கக் கிளம்பியது. ஒரு பீரங்கிச் சுடுதலுக்கு கிலோ கணக்கில் மருந்து. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அரிசிமணி அளவில் சில துகள்கள். எது முதலில் என்று ஆலைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024-ல் விஸ்டாவே உலகளாவிய வெடிமருந்துத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி விலையை ஏற்றியது. மறுநிரப்புவோர் விரும்பும் அலையன்ட் மருந்து வகைகள் கடைக்கு வருவது நின்றுபோனது.

அடுத்த அடி ஆன்டிமனி என்ற தனிமம். ஈயம் தனியாக மென்மையானது. ஆன்டிமனி கொஞ்சம் கலந்தால் இறுகும். ப்ரைமரின் வெடிக்கலவையிலும் அதன் சல்ஃபைடு சேர்கிறது. உலக உற்பத்தியில் சீனாதான் முதலிடம். 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு, டிசம்பரில் அமெரிக்காவுக்கு முழுத் தடை. அந்த ஆண்டுக்குள் விலை மூன்று மடங்கானது. பின்னர் 2025 நவம்பரில் சீனா தடையை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது, நிறுத்திவைத்ததுதான், நீக்கவில்லை.

மறுநிரப்பும் மேசையில் இதன் விளைவைப் பாருங்கள். 2019-ல் ஒரு 9 எம்.எம். தோட்டாவுக்கு ப்ரைமர் 3 சென்ட், மருந்து 2, குண்டு 7 என்று 12 சென்ட்டில் முடிந்தது. கடைத் தோட்டா 17, 18. ஆயிரத்துக்கு 50 டாலர் மிச்சம். இப்போது ப்ரைமர் 7, மருந்து 3, குண்டு 10. ஆக 20 சென்ட். கடையில் பெட்டியாக வாங்கினாலும் கிட்டத்தட்ட அதே விலை. (எல்லாம் சுமார் கணக்கு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் தோட்டாவுக்குத் தனியாக 11 சதவீத மாநில வரி வேறு.) பஞ்சத்தில் கைகொடுக்கும் என்று ஒரு தலைமுறை நம்பிய மறுநிரப்பல், சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பொறுத்தவரை இன்று மிச்சம் பிடிக்கும் வழியே அல்ல. நீளத் தூர ரைஃபிள் சுடுகிறவர்களுக்கு மட்டும் இன்னும் லாபம் இருக்கிறது, அவர்களுடைய கடைத் தோட்டா அவ்வளவு விலை.

பயத்தால் வந்த பஞ்சத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அது வாங்குகிறவர் மனதிலிருந்து வந்தது. மனம் அடங்கினால் அடங்கியது. இது பருத்தி நாரிலிருந்தும் தாதுவிலிருந்தும் மேலே ஏறிவருகிறது. வரிசையில் முன்னால் நிற்பது பீரங்கி. பொறுத்திருந்தால் பழைய விலைக்கு வரும் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் முந்தைய பஞ்சங்களின் அனுபவத்தில் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

ஆலைகளின் உரிமையும் பீரங்கியின் பக்கமே நகர்கிறது. ஃபெடரல், ரெமிங்டன், சி.சி.ஐ., ஸ்பியர் எல்லாம் அடங்கிய விஸ்டாவின் தோட்டாப் பிரிவை 2024 நவம்பரில் 222.5 கோடி டாலருக்கு வாங்கியது செக் குடியரசின் சி.எஸ்.ஜி. குழுமம். உக்ரைனுக்குப் பீரங்கிக் குண்டு கொடுப்பதில் ஐரோப்பாவின் முக்கியப் பெயர்களில் ஒன்று அது. இத்தாலியின் பழம்பெரும் தோட்டா நிறுவனமான ஃபியோக்கியும் அதன் கையில்தான்.

இது அமெரிக்காவோடு நிற்காது. களிமண் வில்லை சுடும் டிராப் போட்டியின் தோட்டாவில் உள்ள 24 கிராம் ஈயச் சிறுகுண்டுகளையும் ஆன்டிமனிதான் இறுக்குகிறது. தகுதிச் சுற்றில் 125 வில்லைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுடலாம். பயிற்சிக்கு ஆகும் தோட்டாவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பாரிஸ் ஒலிம்பிக் வரை போன புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானைப் போல வர ஆசைப்படும் ஒரு பிள்ளைக்குப் போட்டித்தரத் தோட்டா இறக்குமதியாகவே வர வேண்டும். .22 சுடுகிறவர்களுக்கும் இங்கிலாந்தின் ஈலி, ஃபின்லாந்தின் லாப்புவா என்று அதே நிலைதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் சின்ன ஈயப் பெல்லட் போதும், இந்தியாவில் .177 ஏர் ரைஃபிளுக்கு உரிமமும் தேவையில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆன்டிமனிக்காக அமெரிக்காவில் இப்போது ஐடஹோ மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்குள்ள ஸ்டிப்னைட் சுரங்கம்தான் இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டுக்குத் தேவையான ஆன்டிமனியின் பெரும்பகுதியைக் கொடுத்தது. பிறகு மூடிக் கிடந்தது. அதைத் திறக்க 2025-ல் கூட்டாட்சி அனுமதி கிடைத்திருக்கிறது. சி.சி.ஐ.யின் .22 ஆலை இருக்கும் லூயிஸ்டனும் அதே மாநிலம்தான். ஆனால் சுரங்கத்திலிருந்து தாது வெளிவர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அங்கும் வரிசையில் முன்னால் நிற்பது ராணுவம்: ஆன்டிமனி சல்ஃபைடு செய்யும் ஆய்வுக்குப் பணம் கொடுத்திருப்பது பாதுகாப்புத் துறை.